பையன் எங்கே சாதகம் பண்ணுவான்? – டெல்டாவில் ஆறு நாள்

முதல் நாள்: திருவண்ணாமலை – சிதம்பரம்

காலை ஐந்தேகால் பஸ்ஸைப் பிடிக்க நாலு மணிக்கே எழுந்தாயிற்று. கூட வருவது எங்கள் மிருதங்க சார். கையில் ஒரு நீல ஃபைல், அதற்குள் நான் இரண்டு மாதமாக உட்கார்ந்து தயாரித்த பாடத்திட்டம், முப்பத்தியோரு பக்கம்.

விஷயம் இதுதான். ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் கல்லூரியில் அடுத்த ஜூனில் இசைத் துறை தொடங்கப் போகிறார்கள். மூன்று வருட இளங்கலை. நான் பாட்டு, சார் மிருதங்கம், இவ்வளவு நாளும் நாங்கள் இரண்டு பேரும் ‘எக்ஸ்ட்ரா கரிகுலர்’ என்ற பெயரில் ஆண்டு விழாவுக்கு இறைவணக்கம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஆட்கள்தான். திடீரென்று துறை, மதிப்பெண், பல்கலைக்கழக அனுமதி என்று வந்தவுடன் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. அதனால் தஞ்சாவூர்ப் பக்கம் போய் நாலு இடம் பார்த்து, நாலு பேரிடம் கேட்டு, கருவி விலையும் விசாரித்துவிட்டு வருகிறோம் என்று லீவு கேட்டோம். நிர்வாகத்தில் ஒருவர், “ஒரு ஹார்மோனியம், ஒரு மிருதங்கம் இருந்தா போதாதா மேடம்?” என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

விழுப்புரத்தில் மாறி, பண்ருட்டியில் டீக்கு நிறுத்தினார்கள். எல்லோரும் பலாப்பழம் வாங்க ஓட, எங்கள் சார் மட்டும் சாலையோரம் அடுக்கியிருந்த பலாக்கட்டை ஒன்றைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டு நின்றார். மிருதங்கம், தவில், வீணை மூன்றுக்குமே பலாமரம்தான் உடம்பு, அதுவும் பண்ருட்டிப் பலாவுக்குத் தஞ்சாவூர் வரைக்கும் மவுசு. “இது இன்னும் ஈரமா இருக்கு” என்று சொல்லிவிட்டு வந்து ஏறினார். கடைக்காரர் எங்களை எப்படிப் பார்த்தார் என்று எழுத வேண்டியதில்லை.

மதியம் சிதம்பரம். வெயில். வேறு ஒன்றும் நடக்கவில்லை, தூங்கிவிட்டேன்.

இரண்டாம் நாள்: சிதம்பரம்

ரயில் தண்டவாளத்தைத் தாண்டிக் கிழக்கே போனால் அண்ணாமலை நகர். சென்னையில் மத்திய கர்நாடக இசைக் கல்லூரி 1949-இல்தான் வந்தது, முசிறி சுப்பிரமணிய ஐயர் முதல் முதல்வர். அதற்கு இருபது வருடம் முன்னாலேயே, 1929-இல், இங்கே, வயல்களுக்கு நடுவே, அண்ணாமலைச் செட்டியார் பல்கலைக்கழகத்தோடு சேர்த்து இசைக் கல்லூரியையும் வைத்துவிட்டார். டைகர் வரதாச்சாரியார், தண்டபாணி தேசிகர் எல்லாம் பொறுப்பில் இருந்து சொல்லிக்கொடுத்த இடம். 1941-இல் தமிழிசை மாநாடு கூடியதும் இங்கேதான், சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது அதற்கு அப்புறம், 1943-இல். ஊர்ப்புறத்தில் இசைக் கல்லூரியா என்று எங்களிடம் யாராவது இழுத்தால் இனி இந்த வருடக் கணக்கைத்தான் சொல்லப்போகிறேன்.

ஆனால் ஒன்றையும் சொல்ல வேண்டும். இங்கே பெரிய பணமும் விடுதியும் பின்னால் இருந்தன. வெளியூர்ப் பிள்ளைகள் வந்து தங்கிப் படித்தார்கள். எங்களுக்கு அந்த இரண்டும் கிடையாது.

சாயங்காலம் ஒரு பெரியவரைப் பார்க்கப் போனோம். ஓய்வுபெற்ற ஆசிரியர், எண்பதை நெருங்கும் வயசு, ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். நீல ஃபைலைக் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார், முப்பத்தியோரு பக்கத்தையும். நடுவில் அந்த வீட்டு அம்மா காபி கொண்டு வந்து வைத்து, அது ஆறியும் போயிற்று. முதல் பருவத்தில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம். இரண்டாவதில் கீதம், ஸ்வரஜதி. மூன்றாவதில் வர்ணம் என்று வழக்கமான வரிசைதான். இசை வரலாறு, பண் ஆராய்ச்சி, தாளக் கணக்கு எல்லாம் தாள் தாளாகப் போட்டிருந்தேன். முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“எல்லாம் சரிம்மா. பையன் எங்கே சாதகம் பண்ணுவான்?”

தினமும் தனியாகப் பாடிப் பழகுவதைத்தான் சாதகம் என்பார்கள். வீட்டில் என்றேன். “யார் வீட்டில?” என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் ஒற்றை அறை வீடு, மீதிப் பேர் மலை மேல். அப்பா, அம்மா, தம்பி, தங்கை, டிவி எல்லாம் அந்த அறையில்தான். அதில் ஒரு பையன் காலையில் எழுந்து ‘ஆ’ என்று அகாரம் பிடித்தால் யாராவது சும்மா இருப்பார்களா?

அவர் மேலும் ஒன்று கேட்டார், ஆணும் பெண்ணும் ஒரே வகுப்பா என்று. ஆமாம் என்றேன். சிரித்துவிட்டார். பாடத்திட்டம் எழுதும்போது எனக்கு உறைக்காத விஷயம் இது. பாடுகிற சுருதியின் உயரத்தைக் கட்டை என்று எண்ணுவோம். பெண் பிள்ளைகள் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடுவார்கள். பதினேழு வயசுப் பையனுக்கு ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை. ஒரே சுருதியில் இரண்டு பேரையும் உட்கார வைத்தால் ஒன்று பையன்கள் கத்துவார்கள், இல்லாவிட்டால் பெண்கள் தொண்டையை அமுக்கி முனகுவார்கள், மூன்று வருடமும் அப்படியே போய்விடும். ஆக இரண்டு பிரிவு, இரண்டு அறை, இரண்டு மடங்கு வகுப்பு நேரம். ஃபைலில் ஒரே அறைதான் கேட்டிருக்கிறேன்.

இரவு தூக்கம் வரவில்லை. கொசுவும் ஒரு காரணம்.

மூன்றாம் நாள்: சீர்காழி – நரசிங்கம்பேட்டை – கும்பகோணம்

சீர்காழியில் இறங்கியதும் சார் சம்பந்தர் கோயிலுக்குப் போனார், நான் தமிழிசை மூவர் மணிமண்டபத்துக்குப் போனேன். முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை. இதில் கவிராயர் பாடியது ராமாயணத்தை நாடகமாக. எங்கள் வட்டாரத்தில் ராத்திரி முழுக்கக் கூத்து நடக்கும், ஹார்மோனியம், மிருதங்கம், முகவீணையோடு. ‘கூத்துப் பாட்டு தெரிஞ்சவன் கர்நாடக சங்கீதத்துக்குச் சரிப்படமாட்டான்’ என்று சொல்கிறவர்கள் இந்த மண்டபத்துக்கு ஒரு தடவை வரலாம்.

சீர்காழியில் மாவட்ட அரசு இசைப்பள்ளியும் இருக்கிறது. தமிழ்நாட்டில் இப்படி 17 பள்ளிகள், கலை பண்பாட்டுத் துறை நடத்துகிறது. 12 வயதிலிருந்து 25 வயது வரை சேரலாம், மூன்று வருடம், குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் என்று ஏழு பாடம். நாதசுரம், தவில், தேவாரத்துக்கு எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், மற்றதற்கு ஏழாம் வகுப்பு. எங்கள் மாவட்டத்திலேயே திருவண்ணாமலையில் ஒன்று இருக்கிறது. அங்கே முடித்துவிட்டு வரும் பிள்ளைகள் எங்களுக்குக் கிடைத்தால் ஸரிகமவிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். இதைத் தெரிந்துகொள்ள சீர்காழி வரைக்கும் வந்திருக்க வேண்டியதில்லை, ஆனால் வந்ததனால்தான் தோன்றியது.

மாயவரத்தில் சாப்பிட்டுவிட்டு, குத்தாலம் தாண்டி நரசிங்கம்பேட்டையில் இறங்கினோம். ஆடுதுறைக்குப் பக்கம். நாதசுரம் செய்கிற ஊர், 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரைப் பார்த்தால் அப்படி ஒன்றும் தெரியாது, தெருவில் மரத்தூள் வாசனை மட்டும் வரும்.

பட்டறை என்பது வீட்டின் முன்பக்கம்தான். ஆசாரி ஐயா தரையில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் பழைய தூண் ஒன்று நீளவாக்கில் அறுத்துக் கிடந்தது. ஆச்சா மரம். புது மரம் உதவாது. எழுபது எண்பது வருடம், நூறு வருடம் என்று ஒரு வீட்டின் உத்திரமாகவோ தூணாகவோ நின்று நன்றாகக் காய்ந்த மரம் வேண்டும். எங்கே பழைய வீடு இடிக்கிறார்கள் என்று தகவல் வைத்துக்கொண்டு போய் வாங்கி வருகிறார்கள். அந்தத் தூணில் ஓர் இடத்தைக் காட்டினார், ஆணி அடித்த ஓட்டை, சுற்றிலும் இரும்புக் கறை கறுப்பாக ஊறியிருந்தது. “யாரோ காலண்டர் மாட்டியிருக்காங்க. இந்த இடத்தைத் தள்ளித்தான் அறுக்கணும்” என்றார். ஒரு வீட்டில் கல்யாணம் கருமாதி எல்லாம் பார்த்த தூண், இனிமேல் வேறு வீட்டுக் கல்யாணத்தில் ஊதும்.

உலவு என்று சொல்கிற நீளக் குழல், அடியில் விரிந்த அணசு, மேலே வாயில் வைத்து ஊதுகிற சீவாளி. ஏழு விரல் துளை, கீழே ஐந்து துளை விரல் வைக்காமல் திறந்தே இருக்கும். முன்பெல்லாம் திமிரி, குட்டையானது, எடுப்பான சுருதி. பாரி நீளம், சுருதி இறக்கம். நாதசுர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக இந்த ஊர் ரங்கநாதன் ஆசாரி பாரியில் சுத்த மத்யமம் என்கிற ‘ம’ ஸ்வரம் சரியாகப் பேசும்படி செய்து கொடுத்தார், இன்றைக்குக் கச்சேரிகளில் கேட்பது அந்த வழிதான்.

நான் எட்டு நாதசுரம் ஆர்டர் கொடுக்கலாம் என்றுதான் வந்தேன். எட்டு மாணவர்கள், எட்டுக் கருவி, கணக்கு நேராக இருந்தது.

“சொல்லிக்கொடுக்க ஆள் வச்சிட்டீங்களா டீச்சரம்மா?” என்றார் ஆசாரி ஐயா.

இன்னும் இல்லை என்றேன்.

“அப்ப எட்டு எதுக்கு? பீரோல வச்சுப் பூட்டவா?” என்றார். “ரெண்டு வாங்குங்க. ரெண்டையும் தினம் ஊதுங்க. ஊதாத நாயனம் மரம்தான். சீவாளி மட்டும் நிறைய வாங்குங்க, அதை ஒருத்தர் வாயில வச்சதை இன்னொருத்தர் வைக்க முடியாது பாருங்க.”

இதுதான் எனக்குத் தெரியாத கணக்கு. குழலை மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம், சீவாளி ஆளுக்கு ஆள் தனி. அதுவும் புதிதாகப் பழகுகிற பிள்ளை கடித்துக் கிழித்து வீணாக்கிக்கொண்டே இருக்கும். பக்கத்துத் திருவாவடுதுறையில் சீவாளி கட்டுகிறார்கள், ஆற்றோரத்து நாணல் தட்டையைக் காயவைத்து, அவித்து, மறுபடி காயவைத்துச் சீவி நூலால் கட்டுவது. கல்லூரி பட்ஜெட்டில் கருவி என்று ஒரு வரி போட்டால் ஒரு தடவை பணம் தருவார்கள், தீர்ந்து போகிற பொருள் என்று சீவாளிக்கு வருடா வருடம் தருவார்களா? வேதியியல் துறைக்கு அமிலம் வாங்கித் தருகிறார்கள் இல்லையா, அதே தலைப்பில்தான் இதைக் கேட்கப் போகிறேன்.

கிளம்பும்போது ஐயா முடித்து வைத்திருந்த ஒன்றை எடுத்து, சீவாளியை நாக்கில் நனைத்துப் பொருத்தி, ஊதிப் பார்த்தார். ராகம் ஒன்றும் இல்லை, ‘ஸ’ என்கிற ஸட்ஜம் மட்டும். எதிர்வீட்டு நாய் எழுந்து போய்விட்டது. எங்கள் கல்லூரியில் எனக்குக் காட்டியிருக்கும் அறை வேதியியல் ஆய்வகத்துக்கும் நூலகத்துக்கும் நடுவில். அங்கே இது நடக்கவே நடக்காது. நாதசுரமும் தவிலும் மரத்தடிக்குத்தான் போக வேண்டும், மழைக்காலத்துக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

நான்காம் நாள்: திருவையாறு

கும்பகோணத்தில் டிகிரி காபி குடித்துவிட்டு, சுவாமிமலை, கபிஸ்தலம் வழியாகத் திருவையாறு. இன்றைக்கு ஆராதனைக் கூட்டம் எதுவும் இல்லாததால் தியாகராஜர் சமாதியில் எங்களைத் தவிர நாலைந்து பேர்தான். எதிரே பெங்களூர் நாகரத்தினம்மாள் சிலை கைகூப்பி இருக்கிறது. சொந்தப் பணத்தைப் போட்டு 1925-இல் இந்தச் சன்னதியை எழுப்பியவர் அவர். ஆனால் பெண்கள் அங்கே பாடக் கூடாது என்றார்கள், அவரும் சும்மா இருக்காமல் பெண்களைச் சேர்த்துத் தனியாகவே ஆராதனை நடத்தினார். பாட வேண்டும் என்றால் முதலில் இடம் வேண்டும், அந்த இடத்தை யாராவது ஒருவர் மல்லுக்கட்டி வாங்க வேண்டும்.

இங்கே அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. தமிழ்நாட்டில் இது மாதிரி நாலு, சென்னை, மதுரை, கோவை, அப்புறம் திருவையாறு. இப்போது எல்லாம் 2013-இல் சட்டம் போட்டு வந்த இசைப் பல்கலைக்கழகத்தின் கீழ். நாலில் மூன்று பெரிய நகரம், நாலாவது மட்டும் சின்ன ஊர், ஆனால் அந்தச் சின்ன ஊருக்குத் தியாகராஜர் இருக்கிறார். எங்களுக்கு யார் இருக்கிறார்? கூத்து வாத்தியார்கள் இருக்கிறார்கள். பம்பை அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அவர்களை எப்படி உள்ளே கொண்டுவருவது என்று சாருக்கும் எனக்கும் படித்துறையில் பெரிய வாக்குவாதம். பட்டம் இல்லாதவரை ஆசிரியராகப் போட முடியாது என்பது சார் கட்சி. போடலாம். பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி 2022-இல் ‘புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்’ என்று ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது. தொழிலில் பதினைந்து வருடமாவது இருந்து பேர் வாங்கியவர் என்றால் பட்டம் கட்டாயமில்லை. மொத்தப் பணியிடத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, அதிகபட்சம் நாலு வருடம். “நாலு வருஷம் கழிச்சு?” என்றார் சார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு மனுஷரைக் கூட்டிவந்து பேராசிரியர் என்று நாற்காலி போட்டுவிட்டு, நாலு வருடத்தில் எடுத்துவிடுவது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் ஒரு செட் பிள்ளைகள் முழுசாக அவரிடம் படித்து முடிப்பார்களே.

அப்புறம் கணக்குப் போட்டேன். படித்துறையில் உட்கார்ந்து ஃபைலின் பின் அட்டையில். ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள், ஆறு பருவம், 540 நாள். பிள்ளைகள் இருபது. தினம் ஒரு மணி நேரம் செய்முறை வகுப்பு, அதில் ஒவ்வொருவரையும் தனியாகப் பாடச் சொல்லிக் கேட்டால் ஆளுக்கு மூன்று நிமிடம். மூன்று வருடத்துக்கும் சேர்த்து இருபத்தேழு மணி நேரம். இருபத்தேழு மணி நேரம் பாடிய பிள்ளைக்கு இசையில் பட்டம் கொடுத்து அனுப்பப் போகிறோம்! நகரத்துப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அது ஆறு வயசிலிருந்து பாட்டு கிளாஸ் போய்விட்டுத்தான் கல்லூரிக்கே வரும், வீட்டில் தனி அறையும் இருக்கும். பாடத்திட்டங்கள் எல்லாம் அந்தப் பிள்ளையை மனசில் வைத்து எழுதியவை. நானும் அவற்றைப் பார்த்துத்தானே எழுதினேன்.

என் பழைய மாணவி ஒருத்தி ஞாபகத்துக்கு வந்தாள். வீட்டில் பாடினால் பாட்டி திட்டுகிறாள் என்று வயலில் இருக்கிற மோட்டார் ரூமுக்குப் போய்ச் சாதகம் பண்ணுவாள். த்ரீ ஃபேஸ் கரண்ட் வரும் நேரத்தில் எப்படியும் யாராவது மோட்டார் போடப் போக வேண்டும், இவள் போய்விடுவாள். ‘அந்தச் சத்தத்தில எப்படிடி பாடுற?’ என்று கேட்டதற்கு, ‘மோட்டார்லயே சுருதி சேர்த்துக்குவேன் டீச்சர்’ என்றாள். அப்போது சிரித்தேன். பிற்பாடு யோசித்தால் அது சரி. நம் கரண்ட் நொடிக்கு ஐம்பது சைக்கிள், மோட்டாரின் ரீங்காரம் அதன் இரட்டிப்பு, நூறு. ஐந்து கட்டை ஸட்ஜத்தின் கீழ் ஸ்தாயி தொண்ணூற்றெட்டு. ஐந்துக்கு ஒரு மயிரிழை மேலே. அந்தப் பெண்ணின் சுருதி எப்போதும் ஐந்துக்குக் கொஞ்சம் தூக்கலாக நிற்கும், தம்புராவோடு சேராமல் நான் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். தப்பு அவள் மேல் இல்லை, மின்வாரியத்தின் சுருதியில் பழகியிருக்கிறாள்.

ஐந்தாம் நாள்: தஞ்சாவூர்

காலையில் மழை, ஃபைல் நனைந்து பாடத்திட்டத்தில் பத்துப் பக்கம் ஒட்டிக்கொண்டது. பெரிய நஷ்டம் என்று தோன்றவில்லை.

வீணைப் பட்டறைக்குப் போனோம். தஞ்சாவூர் வீணைக்கும் 2013-இலேயே புவிசார் குறியீடு உண்டு. ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாந்த வீணை. தந்தியை அழுத்துகிற இருபத்திநாலு மெட்டு, மெழுகின் மேல் நிற்கிறது. அந்த மெட்டுகளை ஸ்வரம் பார்த்துப் பார்த்து உட்கார வைப்பதை மேளம் கட்டுவது என்பார்கள். ஒருவர் கட்டிக்கொண்டிருந்தார். மெட்டை மயிரளவு நகர்த்துவார், தந்தியை மீட்டிக் கேட்பார், முகத்தைச் சுளிப்பார், மறுபடி நகர்த்துவார். ஒரு மெட்டுக்கே எங்களுக்குக் கால் மரத்துப் போயிற்று. எங்கள் ஊர் மே மாத வெயிலில் ஓட்டுக்கூரைக்குக் கீழே வைத்தால் மெழுகு என்ன ஆகும் என்று கேட்டேன். “இளகும். வருஷா வருஷம் மேளம் கட்ட ஆள் வேணும்” என்றார். எங்கள் பக்கம் அந்த ஆள் கிடையாது. ஆக முதல் இரண்டு வருடம் வீணை இல்லை என்று அங்கேயே முடிவு பண்ணிவிட்டோம், சாருக்கு வருத்தம்.

மதியம் ஆபிரகாம் பண்டிதரைப் பற்றிப் பேசிக்கொண்டே சாப்பிட்டோம். சித்த வைத்தியர். மருந்து விற்ற காசில் இசைச் சங்கம் வைத்து, 1912-இலிருந்து இந்த ஊரில் சங்கீத மாநாடுகள் கூட்டி, 1917-இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார். எவ்வளவு பெரிய புத்தகம் என்று தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு ஸ்தாயிக்குள் சுருதி இருபத்திரண்டு இல்லை, இருபத்திநான்கு என்று அவர் போட்ட சண்டையை எல்லாம் எங்கள் பிள்ளைகளுக்கு எந்தப் பருவத்தில் சொல்லலாம் என்று நான் ஆரம்பிக்க, சார், “முதல்ல ஸட்ஜம் பஞ்சமம் சேரட்டும்” என்று முடித்துவிட்டார்.

திருவாரூரும் போவதாக இருந்தோம். சங்கீத மும்மூர்த்திகள் பிறந்த ஊர், அங்கே மத்தியப் பல்கலைக்கழகத்தில் இசைத் துறையும் இருக்கிறது. நாள் இல்லை. அடுத்த தடவை.

ஆறாம் நாள்: ஊருக்குத் திரும்பி

பஸ்ஸில் ஜன்னலோர இடம். ஃபைலில் நனையாத பக்கங்களின் பின்புறம் புதிதாக எழுத ஆரம்பித்தேன். வரலாற்றுத் தாள் இரண்டை ஒன்றாக்கினேன். கூத்திசை என்று ஒரு தாள் சேர்த்தேன், முதல் பருவத்திலேயே, ஏனென்றால் அந்த ஒன்றில்தான் எங்கள் பிள்ளைகளுக்கு எங்களை விட அதிகம் தெரியும். எல்லாவற்றுக்கும் நடுவில் சாதக நேரம் என்று தனியாக ஒன்றை எழுதிவிட்டு, அதை எங்கே செருகுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். மாலையில் வைக்க முடியாது. கல்லூரி மூன்றே முக்காலுக்கு விடும், மலைக்குப் போகிற கடைசி பஸ் நாலு இருபதுக்கு. அதை விட்டால் பெண் பிள்ளைகள் வீடு போய்ச் சேர முடியாது.

“காலைல வையுங்களேன்” என்றார் சார், கண்ணை மூடிக்கொண்டே.

“காலைல எப்படி சார் வருவாங்க?”

“வந்துதானே உட்கார்ந்திருக்காங்க.”

உண்மைதான். மலையிலிருந்து காலையில் வருவதே ஒரு பஸ். எட்டுப் பத்துக்குக் கல்லூரி வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடும். வகுப்பு ஒன்பதரைக்கு. ஒன்பது மணி வரை கேட் பூட்டியிருக்கும், பிள்ளைகள் எல்லாம் வெளியே புளியமரத்தடியில் புத்தகப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஏழு வருடமாக நான் தினமும் ஸ்கூட்டியில் அவர்களைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன், குட்மார்னிங் மிஸ் என்பார்கள், நானும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவேன்.

எட்டுப் பத்திலிருந்து ஒன்பதரை வரை எண்பது நிமிடம். அதை 540 நாளால் பெருக்கிப் பார்த்தேன். எழுநூற்று இருபது மணி நேரம். தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று ஃபோனில் மறுபடி தட்டிப் பார்த்தேன். அதேதான்.

சரி, எழுநூற்று இருபதும் அப்படியே கிடைத்துவிடாது. பஸ் தாமதமாகும், தேர்வு வரும், பாதி நாள் அரட்டையில் போகும். யார் கூட இருந்து பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வரும், நானும் சாரும் முறை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த நேரத்தில் எல்லா வகுப்பறையும் காலி, பையன்கள் ஓர் அறை, பெண்கள் ஓர் அறை, சுருதிப் பிரச்சினையும் தீரும். நாதசுரம் புளியமரத்தடியிலேயே. வேதியியல் ஆய்வகத்தில் அப்போது ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

விழுப்புரத்தில் பஸ் நின்றதும் முதல்வருக்கு ஃபோன் பண்ணினேன். கட்டடம் கேட்கப் போகிறேன் என்று பயந்திருப்பார் போல, கேட்டை எட்டு மணிக்குத் திறந்தால் போதும் என்றதும், “அவ்வளவுதானே மேடம்?” என்றார். சீவாளியைப் பற்றி இப்போது சொல்லவில்லை. நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

பிறகு வாட்ச்மேன் அண்ணனுக்குப் பண்ணினேன்.

“திறக்கறதுக்கு என்னம்மா, நான் ஆறு மணிக்கே உள்ளதான் இருக்கேன்” என்றார். “ஒன்பதுக்குத் திறன்னு ஆபீஸ்ல எழுதிக் குடுத்திருக்காங்க. எட்டுன்னு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க, திறந்துடறேன்.”